ஹேசல்கோட் வீட்டின் ஐந்தாவது மகள்

1

பாரிஸின் லா சப்பலில் எந்தத் தமிழர் இறந்தாலும் எனக்கு அன்றைக்கே தெரிந்துவிடும். பெருமைக்குச் சொல்லவில்லை, தொழில் அப்படி. மெற்றோப் பாலத்திலிருந்து கூப்பிடு தூரத்தில், புடவைக் கடைக்கும் கைத்தொலைபேசி திருத்தும் கடைக்கும் நடுவில் ஒடுங்கிப்போய் நிற்கிற ஒரு அச்சகத்தில் பதினெட்டு வருடமாக வேலை செய்கிறேன். கலியாண அட்டை, பூப்புனித நீராட்டு விழா அட்டை, கோயில் திருவிழா நோட்டீஸ் எல்லாம் அடிக்கிறோம். ஆனால் என்னைப் பெயர் சொல்லித் தேடி வருகிறவர்கள் மரண அறிவித்தலுக்குத்தான் வருகிறார்கள். "யோகன் அண்ணையிட்டைக் குடுத்தால் பிழை வராது" என்று ஒரு பேச்சு இருக்கிறது.

ஊரில் மதிலில் ஒட்டுவதை நாங்கள் இங்கே கடைக் கண்ணாடியில் ஒட்டுகிறோம். முருங்கைக்காயும் மரவள்ளிக்கிழங்கும் வாங்க வருகிற சனம் பையைக் கீழே வைத்துவிட்டு நின்று வாசிக்கும். இறந்தவரின் படத்தைச் சும்மா ஒரு பார்வை பார்த்துவிட்டு, கண் நேரே பெயர்களுக்குப் போகும். இன்னாரின் அன்பு மகளும், இன்னாரின் மருமகளும், இன்னாரின் மனைவியும், இன்னார் இன்னாரின் தாயாரும் என்று அது ஒரு ஒழுங்கில் இறங்கி வரும். பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் ஒரு நாடு இருக்கும். ஏற்கெனவே போய்ச் சேர்ந்தவர்களுக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று வரும். அரைப் பக்கத்துக்குள் ஒரு குடும்பம் முழுவதையும் அடக்கிவிடலாம். வேறு எதை வாசிக்காவிட்டாலும் எங்கள் சனம் இதை ஒரு வரி விடாமல் வாசிக்கும்.

அச்சடிக்க முன் ஒரு வழக்கம் இருக்கிறது. கொம்பியூட்டரில் தட்டி முடித்ததும் அதைப் படமாக்கி அந்தக் குடும்பத்தின் எல்லாச் சகோதரங்களுக்கும் வட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டும். ரொறன்ரோவிலிருந்து ஒருவர் தன் மனைவியின் பெயரில் எழுத்துப் பிழை என்பார். லண்டனிலிருந்து ஒருவர், மகன் இப்போது டொக்டர், அதைப் போடவில்லையா என்பார். எல்லோரும் 'சரி' என்று எழுதிய பிறகுதான் இயந்திரம் ஓடும். ஒருவரைக் கேட்காமல் விட்டால் போதும், அவர் செத்த வீட்டுப் பக்கமே தலை காட்ட மாட்டார்.

தவறுதலாக ஒரு பெயர் விடுபட்டால், ஒட்டி ஒரு மணித்தியாலத்துக்குள் தொலைபேசி அடிக்கும். சில வேளைகளில் ஒரு மகளின் பெயர் விடுபட்டிருக்கும், தொலைபேசி அடிக்காது. அடிக்காவிட்டால் அது தவறுதல் இல்லை, எல்லோருக்கும் தெரிந்த விஷயம் என்று பொருள். அப்படி எத்தனை மகள்மாரை விட்டுத் தட்டியிருக்கிறேன் என்று நான் எண்ணிப் பார்த்ததில்லை. குடும்பம் சொல்வதை நான் தட்டுகிறேன், அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

2

என் மகள் ஆரணி இங்கே பல்கலைக்கழகத்தில் சரித்திரம் படிக்கிறாள். அவளுக்கு என்னுடைய பெயர்தான் குடும்பப் பெயர். பேராசிரியர்கள் அவளை "மதாம் யோகராசா" என்று கூப்பிடுவதாகச் சொல்லிச் சிரிப்பாள்.

இதை ஊரில் இருக்கிறவர்களுக்கு விளங்கப்படுத்துவது பெரிய பாடு. வந்த புதிதில் அகதி மனுவில் கந்தையா யோகராசா என்று எழுதிக் கொடுத்தேன். கந்தையா அப்பா, யோகராசா நான். பதிந்த பெண் முன்னால் இருந்ததை என் பெயராகவும் பின்னால் இருந்ததைக் குடும்பப் பெயராகவும் போட்டுவிட்டாள். அன்று தொடங்கியது வினை. முதலில் கோப்பை கழுவப் போன உணவகத்தில் சமையல்காரன் "கந்தையா, கெதியா" என்று கத்துவான். செத்துப்போன அப்பாவை யாரோ ஏவி வேலை வாங்குவது போல எனக்குக் கேட்கும். சுவிஸில் இருக்கிற தம்பிக்கு வேறு மாதிரிப் பதிந்தார்கள். அதனால் அவனுடைய பிள்ளைகள் கந்தையாக்கள், என்னுடையவள் யோகராசா. பொபினி பிரிஃபெக்சரில் ஒருமுறை அம்மாவின் வதிவிட அட்டை புதுப்பிக்கப் போனபோது, கவுண்டரில் இருந்தவர் சாதாரணமாகத்தான் கேட்டார்: சகோதரர்களுக்கு ஏன் வேறு வேறு குடும்பப் பெயர், இவர் இரண்டு முறை திருமணம் செய்தவரா? அம்மா என் பக்கத்தில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். "என்னவாம்?" என்று கேட்டார். "ஒண்டுமில்லை, படம் இன்னொண்டு வேணுமாம்" என்றேன்.

அம்மா இங்கே இருந்த பதினான்கு வருடமும் அவருடைய வாய் நான்தான். டொக்டரிடம், மேரி என்கிற நகரசபையில், வங்கியில், எங்கே போனாலும் நான் சொல்வதுதான் அம்மா சொன்னது. அம்மாவுக்குப் பிரெஞ்சில் 'பொன்ஜூர்', 'மெர்சி', பிறகு சந்தையில் கத்தரிக்காய் விலை கேட்டுப் பழகிய எண்கள், அவ்வளவுதான் தெரியும்.

ஆரணி வேறு மாதிரி. நான் தமிழில் கேட்பேன், அவள் பிரெஞ்சில் பதில் சொல்வாள். சண்டை என்றால் மட்டும் தமிழுக்கு வருவாள். முதுகலைக்கு என்ன எடுக்கப் போகிறாய் என்று கேட்டபோது, இங்கிலாந்தில் நானூறு வருடத்துக்கு முன் இருந்த ஒரு பிரபு குடும்பத்துப் பெண்களின் வம்சாவளி என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. பிரான்ஸில் பிறந்த யாழ்ப்பாணத்துப் பெட்டை, வெள்ளைக்காரச் சீமாட்டிகளின் சாதகம் பார்க்கப் போகிறாள். "ஏன், எங்கடை சனத்தைப் பற்றிச் செய்யலாமே" என்றேன். "எங்கடை பொம்பிளையளைப் பற்றி ஆர் எழுதி வைச்சிருக்கினம் அப்பா?" என்று திருப்பிக் கேட்டாள்.

3

பொபினியில் எங்கள் வீட்டு வரவேற்பறையில், அம்மாவின் கட்டில் இருந்த இடத்துக்கு மேலே, அந்தக் குடும்ப மரத்தைப் பெரிய தாளில் வரைந்து ஒட்டினாள். காலையில் துப்புரவு வேலை முடித்து வந்த என் மனைவி, சாமிப் படம் மாட்டுகிற சுவரில் இதென்ன கூத்து என்று முணுமுணுத்தாள். பிறகு அதற்குக் கீழேயே இருந்து தேத்தண்ணீர் குடித்தாள். வேலைக்களையில் சுவரோடு சண்டை பிடிக்கத் தெம்பு இல்லை.

ஹேசல்கோட் என்பது குடும்பத்தின் பெயர். ஆண்களின் வரிசையை யாரோ எப்போதோ எழுதி முடித்துவிட்டார்கள். எந்த ஹேசல்கோட் எந்த யுத்தத்துக்குப் போனான், எத்தனை குதிரை வைத்திருந்தான் என்பதெல்லாம் அச்சில் இருக்கிறது. பெண்களைத் தேடுவதுதான் ஆரணியின் வேலை. மகளாக ஒரு வீட்டில் இருப்பார்கள், மனைவியாக இன்னொரு வீட்டில், கைம்பெண்ணாகி மறுபடி கட்டினால் மூன்றாவது வீட்டில். ஒவ்வொரு வீட்டிலும் பெயர் மாறும். சில பத்திரங்களில் பெயரே இருக்காது, 'மேற்படியாரின் மகள்' என்று மட்டும் இருக்கும். அந்தக் காலத்தில் அரசனுடைய ஆட்கள் ஊர் ஊராகக் குதிரையில் வந்து பெரிய வீடுகளின் வம்சத்தைக் கேட்டு எழுதிக்கொண்டு போவார்களாம். வீட்டில் யார் மூத்தவரோ அவர் சொல்லுவார், வந்தவர்கள் எழுதுவார்கள். கேள்வி கிடையாது.

"இது நான் செய்யுற வேலைதானே" என்றேன். ஆரணி முதலில் சிரித்தாள். பிறகு கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் காட்டிய படங்களில் ஒன்று எனக்குப் பிடித்தது. அந்தக் குடும்பத்தின் ஒரு பிரபுவுக்கும் அவருடைய மனைவி மார்கரெட் சீமாட்டிக்கும் ஒரு கிராமத்துத் தேவாலயத்துக்குள் கல்லறை இருக்கிறது. மேலே கணவனும் மனைவியும் கல்லில் படுத்திருக்கிறார்கள். கீழே பக்கவாட்டில் பிள்ளைகள் எல்லோரும் கைகூப்பி முழந்தாளில் நிற்கிறார்கள். ஆண்கள் தகப்பன் பக்கம், பெண்கள் தாய் பக்கம். அதில் சில பிள்ளைகளின் கையில் மட்டும் ஒரு சின்ன மண்டையோடு. கல்லறை கட்டியபோதே இறந்துபோயிருந்த பிள்ளைகள் அவர்கள் என்றாள். எங்கள் 'காலஞ்சென்ற' அங்கே மண்டையோடு. நானூறு வருடத்துக்கு முன் அந்தக் கல்தச்சனும் என்னைப் போல, யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று விசாரித்துத்தான் செதுக்கியிருப்பான். அந்த மனிதன் மேல் எனக்கு ஒரு ஒட்டுதல் வந்தது.

ஆரணிக்கு வந்த சிக்கல் இதுதான். கல்லில் தாய்ப் பக்கம் ஐந்து பெண் பிள்ளைகள் நிற்கிறார்கள். அதற்கு ஆறேழு வருடத்துக்குப் பிறகு எழுதப்பட்ட வம்சாவளிச் சுருளில் நான்கு பெண்கள்தான் இருக்கிறார்கள். ஐந்தாவது பெண்ணின் கையில் மண்டையோடும் இல்லை.

"அப்ப அவள் எங்கை போனவள்?" என்று கேட்டேன்.

"அதைத்தான் தேடுறன்" என்றாள். தமிழில் சொன்னாள்.

4

அம்மாவின் முதலாம் ஆண்டுத் திவசத்துக்கு இன்னும் பன்னிரண்டு நாட்கள் இருக்கும்போது ரொறன்ரோவிலிருந்து பெரியண்ணை தொலைபேசி எடுத்தார். ஞாயிறு மத்தியானம், நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். கறிக் கை என்பதால் தொலைபேசியை மேசையில் வைத்து ஸ்பீக்கரில் போட்டேன். அதுதான் நான் செய்த முட்டாள்தனம், அல்லது நல்ல காரியம்.

"நினைவஞ்சலி நோட்டீஸ் அடிக்கிறாய்தானே?"

"ஓம் அண்ணை. போன வருசம் போட்டது போலவே பேர் எல்லாம் போடுறன்."

"அதைத்தான் சொல்ல எடுத்தனான். போன வருசத்து அறிவித்தலிலை பேரப்பிள்ளையளிலை ஒரு பேர் பிழையாய் வந்திட்டுது. இஞ்சை ரெண்டு மூண்டு பேர் கேட்டுப்போட்டினம். இந்த முறை அதை எடுத்துவிடு."

"பாப்பம் அண்ணை."

"பாக்கிறதுக்கு ஒண்டுமில்லை. எடு. அம்மாவின்ர மானம்."

அழைப்பு முடிந்தது. ஆரணி எழுந்து போய்ப் போன வருடத்து அறிவித்தலைக் கொண்டுவந்தாள். அப்பம்மாவின் படம் இருக்கிறதென்று ஒரு பிரதியை அவள் தன் புத்தகத்துக்குள் வைத்திருந்திருக்கிறாள். பெயர்களை விரலால் தொட்டு எண்ணினாள். பிள்ளைகள் நான்கு பேர்: கனடாவில் பெரியண்ணை, லண்டனில் அக்கா, பிரான்ஸில் நான், சுவிஸில் தம்பி. பிறகு பேரப்பிள்ளைகள். ஒவ்வொரு பெயரையும் யாருடைய பிள்ளை என்று பொருத்திக்கொண்டே வந்தாள். பத்துப் பேருக்குத் தாய் தகப்பன் கிடைத்தார்கள். பதினோராவது பெயருக்குக் கிடைக்கவில்லை.

"செ கி, மெலனி?" என்றாள். யார் இந்த மெலனி?

என் மனைவி எழுந்து கோப்பைகளை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போய்விட்டாள்.

எனக்கு ஒரு தங்கச்சி இருக்கிறாள். சுகந்தி. எங்கள் ஐந்து பேரில் கடைசி. அவளை இங்கே கூப்பிட்டவன் நான். என்னோடு ஒரே அறையில், திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் படுத்து, ஹோட்டல்களில் அறை துப்புரவாக்கி உழைத்தவள். சுவிஸில் மாப்பிள்ளை பேசி முடித்து, அட்டை அடிக்கிற நேரத்தில், தன்னோடு வேலை செய்த அன்ரனை மேரியில் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். அவன் மன்னார்ப் பெடியன், கிறிஸ்தவன், எங்கள் பேச்சில் வேதக்காரன். அதைக்கூட ஒருவாறு சமாளித்திருப்பார்கள். ஆனால் "எங்கடை ஆக்கள் இல்லை" என்று சாதியைச் சொல்லும் அந்த மூன்று சொல் வந்த பிறகு வீட்டில் வேறு பேச்சு இல்லை. ஊரிலிருந்து அம்மா தொலைபேசியில் சொன்னார்: "எனக்கு இனி நாலு பிள்ளையள்." நாங்கள் நால்வரும் 'ஓம்' என்றோம். எனக்கு அப்போது முப்பது வயது. யோசிக்கத் தெரியாத வயது என்று சொல்ல முடியாது.

மெலனி பிறந்தபோது படத்தோடு ஒரு அட்டை வந்தது. பதில் போடவில்லை. அட்டையைக் கிழிக்கவும் இல்லை, என் கடதாசிக் கோப்புக்குள் வைத்தேன். அவர்கள் வடக்குப் புறநகர் வில்லியே லே பெல்லில் இருக்கிறார்கள் என்பது தெரியும். கார் து நோர் ரயில் நிலையத்தில் நான் இறங்கி லா சப்பலுக்கு நடக்கிறேன், அவள் அதே நிலையத்தில் கீழே எர்.ஈ.ஆர். டி ரயில் பிடித்துப் போவாள். இருபத்துமூன்று வருடத்தில் நாங்கள் எதிர்ப்படாமல் இருந்தது தற்செயல் இல்லை என்று நினைக்கிறேன். அவள் என் நேரத்தைத் தெரிந்து வைத்துக்கொண்டு விலகியிருக்க வேண்டும்.

போன வருடம் அம்மாவை எரிக்கக் கொண்டுபோன அன்று, வீதிக்கு அந்தப் பக்கம் பஸ் தரிப்பில் குடையோடு ஒரு பெண் நின்றாள். பஸ் வந்தது, போனது. அவள் ஏறவில்லை. தனியாகத்தான் நின்றாள். அன்ரன் வரவில்லை. ரோசக்காரன், சாவுக்குக்கூட வரவில்லை என்று அப்போது மனதுக்குள் ஏசினேன்.

இவ்வளவையும் ஆரணிக்குச் சொன்னேன். அவள் சாப்பாட்டில் கை வைக்கவில்லை.

"அப்ப இந்தப் பேர் எப்பிடி வந்தது?"

"நான்தான் தட்டினனான்."

"தெரிஞ்சோ?"

தெரியவில்லை. அம்மா போன அன்று மத்தியானம் கடையில் இருந்து அம்மாவின் அறிவித்தலை நானே தட்டினேன். பேரப்பிள்ளைகளின் பெயர்களை யாரிடமும் கேட்கவில்லை, எனக்கு மனப்பாடம். விரல் தட்டிக்கொண்டே போனது. வழக்கம் போல அண்ணை, அக்கா, தம்பி மூவருக்கும் அனுப்பினேன். மூவரும் 'சரி' போட்டார்கள். கண்டார்களா, காணாத மாதிரி இருந்தார்களா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. தாய் இல்லாமல் ஒரு பேத்தி லா சப்பல் கண்ணாடிகளில் ஒரு மாதம் தொங்கினாள்.

5

அடுத்த வாரம் ஆரணி இங்கிலாந்தில் ஒரு ஆவணக் காப்பகத்துக்கு மூன்று நாள் போனாள். திரும்பி வந்ததும் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் கதிரையை இழுத்துப் போட்டு எனக்கு முன்னால் இருந்தாள்.

ஐந்தாவது பெண் கிடைத்துவிட்டாள். பெயர் சிசிலி. அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு வீணை போல ஏதோ ஒரு வாத்தியம் படிப்பிக்க வந்த வாத்தியாரைக் கட்டிக்கொண்டு போனவள். கல்லறை அதற்கு முன் செதுக்கப்பட்டது, அதனால் கல்லில் இருக்கிறாள். சுருள் பிறகு எழுதப்பட்டது, அதனால் அதில் இல்லை. அரசனுடைய ஆட்கள் வந்தபோது பிரபு உயிரோடு இல்லை. நான்கு பெண்கள் என்று சொல்லி எழுதுவித்தவர் தாய், மார்கரெட் சீமாட்டிதான்.

"தாய்தானோ?" என்றேன். ஏனோ எனக்கு அது தகப்பனாகத்தான் இருக்கும் என்ற எண்ணம் இருந்தது.

"தாய்தான். ஆனால் இதைப் பாருங்கோ." தொலைபேசியில் ஒரு படத்தைப் பெரிதாக்கிக் காட்டினாள். பழுப்புக் கடதாசியில் புழு ஊர்ந்த மாதிரி எழுத்து. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அது மார்கரெட் சீமாட்டியின் மரண சாசனமாம். சொத்துப் பத்து எல்லாம் நான்கு பெண்களுக்கும் எழுதி முடித்த பிறகு, கடைசியில் ஒரு வரி: என் மகள் சிசிலிக்கு என் கறுப்புப் பட்டுக் கவுணையும், நான் செபம் செய்யும்போது முழந்தாளிடும் மெத்தையையும் கொடுக்கவும். 'என் மகள்' என்றுதான் எழுதியிருக்கிறதாம்.

"ரெண்டையும் ஒரே ஆள்தான் செய்திருக்கிறா அப்பா. சுருளிலை எடுத்ததும் அவதான். சாகேக்கை திருப்பி எழுதினதும் அவதான்."

அப்போதுதான் நான் யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொன்னேன். இங்கே எழுதவும் கூச்சமாக இருக்கிறது. ஆனால் எழுதத்தான் வேண்டும்.

அம்மா கடைசியாக ஆஸ்பத்திரியில் இருந்தபோது ஒரு நாள் புதுத் தாதி ஒருத்தி வந்தாள். நல்ல பிள்ளை. படிவம் நிரப்பிக்கொண்டே அம்மாவின் கையைப் பிடித்து, எத்தனை பிள்ளைகள் மதாம் என்று கேட்டாள். நான் தமிழில் கேட்டேன். அம்மா என்னைப் பார்க்காமல், மேலே பார்த்துக்கொண்டு, "ஐஞ்சு" என்றார்.

நான் தாதியிடம் "கத்ர்" என்றேன். நாலு.

யோசித்துச் சொல்லவில்லை. இருபத்திரண்டு வருடமாகச் சொல்லி வந்தது வாயில் நின்றது. தாதி நான்கு என்று எழுதினாள். பிறகுதான் அம்மா தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். சந்தையில் கத்தரிக்காய் வாங்கப் பழகிய எண்கள் அம்மாவுக்குத் தெரியும் என்று மேலே எழுதியிருக்கிறேன். ஒன்றிலிருந்து இருபது வரை நன்றாகத் தெரியும். அம்மா முகத்தை யன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். அதற்குப் பிறகு ஆறு நாள் இருந்தார். பால் வேண்டும், கால் உளைகிறது என்பதைத் தவிர என்னோடு வேறு எதுவும் கதைக்கவில்லை.

அன்றைக்கு நான் 'சங்க்', ஐந்து, என்று சொல்லியிருந்தால், தாதி அடுத்ததாக, எல்லோரும் வந்து பார்த்தார்களா என்று கேட்டிருப்பாள். அம்மாவுக்கு வேண்டியிருந்தது அந்தக் கேள்விதான் என்று இப்போது நினைக்கிறேன். ரயிலில் வந்தால் அரை மணித்தியாலத் தூரத்தில் இருந்தவளைக் கூப்பிட்டிருக்கலாம். நான் கூப்பிடவில்லை. என்னை மன்னிக்க அம்மாவும் இல்லை.

ஆரணி அழுதாள். நான் அழவில்லை. களைப்பாக இருந்தது, வேறொன்றும் இல்லை.

6

செவ்வாய்க்கிழமை கடையில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து நினைவஞ்சலியைத் தட்டினேன். நினைவஞ்சலிக்கு என்று என்னிடம் ஏழு கவிதைகள் தயாராக இருக்கின்றன. வருகிறவர்கள் நம்பர் சொல்லித் தெரிவு செய்வார்கள், மூன்றாம் நம்பருக்கு எப்போதும் கிராக்கி. அம்மாவுக்கு ஒன்றும் போடவில்லை. படமும் பெயர்களும் மட்டும் போட்டேன். பிள்ளைகள் என்ற இடத்தில் நான்கு பெயருக்குப் பிறகு 'சுகந்தி (பிரான்ஸ்)' என்று தட்டினேன். மருமக்கள் வரிசையில் கடைசியாக 'அன்ரன்' என்று தட்டினேன். பேரப்பிள்ளைகளில் மெலனி ஏற்கெனவே இருந்தாள். அவளைத் தொடவில்லை.

படமாக்கி அண்ணைக்கும் அக்காவுக்கும் தம்பிக்கும் அனுப்பினேன். தம்பி ஒரு மணித்தியாலம் கழித்து 'சரி' என்று மட்டும் போட்டான். அக்கா பார்த்தார், ஒன்றும் போடவில்லை. அண்ணை எடுத்தார். கத்துவார் என்று நினைத்தேன், கத்தவில்லை. அவருக்கும் எழுபதாகப் போகிறது.

"அவளின்ர பேர் வந்தால் என்ர பேரை எடுத்துவிடு" என்றார்.

"எடுக்கேலாது அண்ணை. நீங்களும் அம்மாவின்ர பிள்ளைதானே."

அவர் தொலைபேசியை வைத்துவிட்டார். 'சரி' வரவில்லை. பதினெட்டு வருடத்தில் முதல் முறையாக, எல்லோரும் 'சரி' போடாத ஒன்றை அச்சடிக்கத் தீர்மானித்திருந்தேன்.

ஆனால் வழக்கம் என்று ஒன்று இருக்கிறதே. எல்லாச் சகோதரங்களுக்கும் அனுப்ப வேண்டும். ஐந்தாவது ஆளுக்கு அனுப்ப என்னிடம் நம்பர் இல்லை. ஆரணியிடம் சொன்னேன். அவள் மெலனியைத் தொலைபேசியில் எங்கோ தேடிப் பிடித்து, நான் உன் மாமாவின் மகள், அப்பாவுக்கு உன் அம்மாவின் நம்பர் வேண்டும் என்று எழுதினாள். இரண்டு நிமிடத்தில் நம்பர் மட்டும் வந்தது, வேறு ஒரு சொல்லும் இல்லை. இருபத்துமூன்று வருடம் நான் செய்யாததற்கு இரண்டு நிமிடம்தான் தேவைப்பட்டது.

என்ன எழுதுவது என்று தெரியவில்லை. கடைசியில், முன்பின் தெரியாத ஒரு வாடிக்கையாளருக்கு எழுதுவது போல எழுதினேன்: 'அம்மாவின் ஆண்டு நோட்டீஸ். பிழை இருந்தால் சொல்லவும். யோகன்.' அதோடு படத்தையும் அனுப்பினேன். நீல அடையாளம் உடனே வந்தது. பிறகு மத்தியானம் முழுவதும் ஒன்றும் இல்லை. இரண்டு கலியாண அட்டைக்கு அளவு வெட்டினேன். ஒருவர் திருவிழா நோட்டீஸுக்கு வந்து தேர்ப்படம் சின்னதாக இருக்கிறது என்று குறைபட்டார்.

நாலு மணிபோலத் தொலைபேசி அடித்தது.

"சின்னண்ணை."

அந்தச் சொல்லால் இவ்வளவு காலமும் என்னை யாரும் கூப்பிடவில்லை. தம்பிக்கு நான் வெறும் அண்ணை, அப்படிக் கூப்பிட அவள் ஒருத்திதான். குரல் கொஞ்சம் தடித்துப் போயிருந்தது.

"சொல்லு" என்றேன்.

"பாத்தன். எல்லாம் சரி. என்ர பேர், பிள்ளையின்ர பேர் எல்லாம் சரி. ஒரு பிழைதான் இருக்கு."

"என்ன?" மேசையில் இருந்த பேனையை எடுத்தேன். யார் பிழை சொன்னாலும் உடனே எழுதிக்கொள்வது என் பழக்கம்.

"அவருக்கு முன்னாலை காலஞ்சென்ற எண்டு வரோணும்."

பேனை கையில் இருந்தது. நான் ஒன்றும் எழுதவில்லை.

"எப்ப?"

"அம்மா போறதுக்கு முதல் வருசம். நெஞ்சு நோ எண்டு வேலையிலையிருந்து கொண்டு போனவை. திரும்பி வரேல்லை."

பஸ் தரிப்பில் குடையோடு தனியாக நின்றவளை நினைத்தேன். ரோசக்காரன் என்று நான் ஏசிய மனிதன் அப்போது மண்ணுக்குள் இருந்திருக்கிறான்.

"எனக்குத் தெரியாது சுகந்தி. லா சப்பலிலை ஒரு கண்ணாடியிலையும் நான் அறிவித்தல் காணேல்லையே."

"அடிக்கேல்லை அண்ணை. எழுத இருந்தனான். அவரின்ரை ஆக்கள் எல்லாரையும் எழுதினன். மைத்துனர்மார் எண்டு வந்த இடத்திலை என்ன போடுறது எண்டு தெரியேல்லை. உங்கடை பேரைப் போட்டால் நீங்கள் கோவிப்பியள். போடாமல் விட்டால், எனக்கு ஒருத்தரும் இல்லை எண்டு நானே ஒட்டினது போல இருக்கும். அப்பிடியே விட்டிட்டன்."

கடைக்கு வெளியே யாரோ கண்ணாடியில் ஒட்டியிருந்த இன்னொருவரின் அறிவித்தலை நின்று வாசித்துக்கொண்டிருந்தார். விரலால் பெயர்களை எண்ணினார்.

"திருத்திப்போட்டுத் திருப்பி அனுப்புறன்" என்றேன்.

"ஓம். பாத்து 'சரி' போடுறன்" என்றாள்.

கொம்பியூட்டரில் அன்ரன் என்ற பெயருக்கு முன்னால் போய் நின்றேன். நாளுக்குப் பத்துத் தடவை தட்டுகிற சொல். அன்றைக்கு அந்த ஒரு சொல்லைத் தட்ட எனக்கு வெகுநேரம் பிடித்தது.